வீராணம் ஏரிக்கரையில் கோடை: வானிலை முன்னறிவிப்பும் ஊராட்சியின் கடமையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

சம்பா அறுவடை முடிந்து, களத்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், வீராணம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "இந்தக் கோடை எப்படி இருக்கும்?" என்பதே அக்கேள்வி. தேநீர்க் கடையிலும், கூட்டுறவுச் சங்கத் திண்ணையிலும், ஊராட்சி மன்றக் கூட்டத்திலும் இதைக் கேளாதவர் இல்லை. முதியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்து விடை கூறுவர். வேறு சிலர் சென்ற ஆண்டின் அனுபவத்தைக் கொண்டு கூறுவர். இளைஞர்கள் கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துக் காட்டுவர். இவற்றுள் எதை நம்புவது, நம்பி எதைச் செய்வது என்பதில்தான் குழப்பம் நேர்கிறது.

வானிலைத் துறையார் இக்காலத்தில் கோடையைப் பற்றி முன்கூட்டியே அறிக்கை வெளியிடுகின்றனர். அந்த அறிக்கை பயனுள்ளது. ஆனால் அதைப் படிக்கும் முறை அறியாமல் படித்தால், பயனைவிடத் தீங்கே மிகும். ஆகவே, அவ்வறிக்கை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஏரிக்கரை ஊராட்சி என்ன முடிவு செய்யவேண்டும் என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

நம் ஏரியின் தன்மை

வீராணம் ஏரி, பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைக்கப்பட்டது. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப் பெயரே நாளடைவில் வீராணம் என்றாயிற்று. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நீண்டு பரந்து கிடக்கும் இவ்வேரியை நம்பிச் சுமார் 45,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. இதன் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகரின் குடிநீருக்கும் இவ்வேரி உதவி வருகிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் நீரைக் குழாய் வழியே அனுப்புவதற்கு அத்திட்டம் வகுக்கப்பட்டது.

ஏரி நிரம்பினால் மட்டம் 47.50 அடி என்று பத்திரிகைகளில் காண்கிறோம். இது நீரின் ஆழம் அன்று. மட்ட அளவுகோலின் கணக்கு. இவ்வேறுபாட்டை மறந்து, "நாற்பது அடித் தண்ணீர் இருக்கிறதே, கோடைக்கு என்ன கவலை?" என்று கேட்போர் இன்றும் உண்டு. உண்மையில் நம் ஏரி நீளத்தாலும் அகலத்தாலும் பெரியதேயன்றி ஆழத்தால் பெரியதன்று. பரந்து ஆழமின்றிக் கிடக்கும் நீரையே கோடை விரைவில் குடித்துவிடும்.

எவ்வளவு விரைவில்? ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். சித்திரை, வைகாசி வெயிலில் நாள்தோறும் 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 60,000 லிட்டர் காற்றோடு கலந்துவிடுகிறது. நூறு நாளில் ஏறத்தாழ இரண்டடி நீர் இவ்வாறு போய்விடும். மதகைத் திறக்காமலே, ஒரு வயலுக்கும் பாயாமலே போகும் நீர் இது. மேல்காற்று வலுத்தால் இவ்விழப்பு இன்னும் கூடும். ஏரிக்கு உள்ளது போலவே ஊர்க்குளத்துக்கும் குட்டைக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

முன்னறிவிப்பு சொல்வது என்ன?

இந்திய வானிலைத் துறை 2016-ஆம் ஆண்டு முதல் கோடைப் பருவத்துக்கெனத் தனியே வெப்ப முன்னறிவிப்பு வெளியிட்டு வருகிறது. பிப்ரவரி இறுதியில் மார்ச் முதல் மே வரையிலான காலத்துக்கும், மார்ச் இறுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்துக்கும் அறிக்கை வருகிறது. பகல் வெப்பம், இரவு வெப்பம், வெப்ப அலை நாட்கள், மழை ஆகியவை இயல்புக்கு மேலா, இயல்பா, இயல்புக்குக் குறைவா என்று அது கூறுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவ்வறிக்கை எதையும் உறுதியாகச் சொல்வதில்லை என்பதே. "இத்தனை சதவீதம் வாய்ப்பு உண்டு" என்றுதான் சொல்கிறது. கடந்துபோன 30 கோடைகளை வெப்பத்தின்படி வரிசைப்படுத்தி மூன்று கூறாக்கினால், ஒவ்வொரு கூறிலும் பத்து ஆண்டுகள் அமையும். எதுவும் அறியாத நிலையில், வரப்போகும் கோடை இம்மூன்றில் எதிலும் சேரலாம். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 33 வாய்ப்பு. அறிக்கையில் "இயல்புக்கு மேல் வெப்பம்: 55 சதவீதம்" என்று இருந்தால், வெப்பம் மிகும் வாய்ப்பு 33-லிருந்து 55-க்கு உயர்ந்திருக்கிறது என்று பொருள். மீதி 45 வாய்ப்பு மற்ற இரண்டு கூறுகளுக்கும் உரியது.

"இவ்வாறு இரண்டு பக்கமும் பேசினால் எங்களுக்கு என்ன பயன்?" என்று உழவர் கேட்கலாம். விதைப் பையின் மேலுள்ள அட்டையை நினைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். சான்று பெற்ற உளுந்து விதைக்குக் குறைந்தது 75 சதவீத முளைப்புத் திறன் வேண்டும் என்பது விதி. நெல்லுக்கு 80 சதவீதம். எந்த விதை முளைக்கும், எது முளைக்காது என்று அட்டை சொல்வதில்லை. அதனால் அதை யாரும் பொய் என்று ஒதுக்குவதில்லை. முளைப்புக் குறையுமென்றால் விதையளவைச் சற்றுக் கூட்டிப் போடுகிறோம். வானிலை முன்னறிவிப்பும் அத்தகைய அட்டையே. அது நடக்கப்போவதைச் சொல்லும் ஆரூடம் அன்று. எந்தப் பக்கம் சற்று அதிகமாகக் காப்புச் செய்துகொள்ள வேண்டும் என்பதைக் காட்டும் குறிப்பு.

இவ்வறிக்கை தயாரிப்போர் முதலில் நோக்குவது பசிபிக் பெருங்கடலை. அதன் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமுறும் நிலையை எல் நினோ என்பர். 1997-98, 2015-16, 2023-24 ஆகிய ஆண்டுகளில் எல் நினோ வலுத்திருந்தது; அவற்றை அடுத்து வந்த 1998, 2016, 2024 கோடைகள் நம் நாட்டில் கடுமையாக இருந்தன. ஆயினும் பசிபிக் கடல் ஒன்றே நம் வயலின் தலைவிதியை எழுதிவிடுவதில்லை. எல் நினோ நிலவிய 2015-ஆம் ஆண்டு இறுதியில்தான் தமிழகத்தின் வடகடலோரம் பெருவெள்ளத்தைக் கண்டது. அது தணிந்த 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. ஆகவே ஒரு சொல்லைக் கேட்டு அஞ்சுவதும் கூடாது. ஒரு சொல்லைக் கேட்டு அயர்ந்துவிடுவதும் கூடாது.

நம் பக்கத்து வெயில்

மாநிலம் முழுமைக்கும் வெளிவரும் அறிக்கையை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்க, நம் பக்கத்து வெயிலின் இயல்பை அறிதல் வேண்டும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 20-ஆம் நாளை ஒட்டியாகும். ஆயினும் வெயிலின் கடுமை அதற்குப் பின்னரே, மே மாதத்தில் உச்சம் பெறுகிறது. நிலம் நாளுக்கு நாள் காய்ந்து சூடேறுவதும், மேல்காற்று வலுப்பதும் இதற்குக் காரணம்.

நம்மைக் காப்பது கடற்காற்று. அது நண்பகலுக்கு முன்பே புறப்பட்டு உள்ளே வந்துவிட்டால் வெப்பம் அடங்கும். மேலைக் காற்று அதனை எதிர்த்து நின்றால், கடற்காற்று மாலைவரை வந்து சேராது. அன்று வெயில் சுட்டெரிக்கும். ஜூன் மாதத்திலும் சில நாள் வெப்பம் தணியாதிருப்பது இதனாலேயே. அக்கினி நட்சத்திரம் கழிந்துவிட்டது என்று முன்னெச்சரிக்கைகளைக் கைவிடுவது சரியன்று.

சமவெளியில் 40 டிகிரி செல்சியசை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்தால் அதை வெப்ப அலை என்று கணக்கிடுகின்றனர். கடலோரத்திலோ 37 டிகிரியை எட்டி, அதே அளவு உயர்ந்தாலே அப்பெயர் உண்டு. கடலும் ஏரியும் வயலும் சூழ்ந்த இடத்தில் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக் காற்றில் உடலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிட்டால் உடல் குளிர்வதில்லை. எனவே எண் குறைவாயிருப்பதைக் கண்டு, "வேலூரைவிட இங்கே வெயில் குறைவுதானே" என்று வயலில் நண்பகலிலும் வேலை வாங்குவது ஆபத்தானது. அறிக்கையில் இரவு வெப்பம் மிகும் என்று இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இரவில் உடல் ஓய்வு பெறாதவரையே மறுநாள் வெயில் வீழ்த்துகிறது.

கோடை மழையை நம்பலாமா?

தமிழகத்தில் மார்ச் முதல் மே வரை பெய்யும் கோடை மழை சராசரியாகச் சுமார் 125 மில்லிமீட்டர். ஆனால் இச்சராசரி ஊருக்கு ஊர் பங்கிட்டுக் கொடுக்கப்படுவதில்லை. பிற்பகலில் திரளும் இடிமேகம் ஓர் ஊரை நனைத்துவிட்டு, வாய்க்காலுக்கு அப்பாலுள்ள ஊரை உலர விட்டுச் செல்லும். மேலும், காய்ந்து வெடித்த நிலம் முதல் மழையைத் தானே குடித்துவிடும். ஏரிக்கு வந்து சேர்வது அற்பம். கோடை மழை உழவுக்கு உதவும், எள்ளுக்கும் பயறுக்கும் உயிர் கொடுக்கும், வெப்பத்தைத் தணிக்கும். அது ஏரியை நிரப்பும் என்று எண்ணித் திட்டமிடலாகாது.

இதை நாம் பிறர் அனுபவத்தால் கற்றோமில்லை. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் வங்கக் கடலில் ஃபானி புயல் உருவாயிற்று. அது தமிழகக் கரையை நோக்கி வரக்கூடும் என்பது தொடக்கக் கணிப்பு. அப்போது நாம் பணியாற்றிய ஒன்றியத்தில் கடைமடை ஊர் ஒன்றில், முன்பட்டக் குறுவைக்கு நாற்று தயாராயிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் இறங்கிக்கொண்டிருந்ததால் நடவு செய்வதா, விட்டுவிடுவதா என்று உழவர்கள் தயங்கினர். நம்மிடம் வந்து கேட்டனர். "புயல் வருகிறது, நல்ல மழை கிடைக்கும், நாற்றை வீணாக்க வேண்டாம்" என்று நாமே சொன்னோம்.

புயல் வடக்கே திரும்பி, மே 3-ஆம் நாள் ஒடிசாவில் பூரிக்கு அருகே கரையேறியது. நமக்கு மழை இல்லை. நட்ட பயிரைக் காக்க இரவும் பகலும் மோட்டார்கள் ஓடின. மே மாத முடிவில் ஊரின் குடிநீர்க் கிணறும் இறங்கிவிட்டது. பெண்கள் நள்ளிரவுவரை குடத்தோடு காத்திருந்தனர். ஒன்றியத்திலிருந்து லாரியில் தண்ணீர் அனுப்ப நேர்ந்தது. பயிரிலும் பாதிக்குமேல் கருகியது. இதில் யாரைக் குறை கூறுவது? வானிலைத் துறையார் தம் கணிப்பை ஓரிரு நாளிலேயே திருத்தி அறிவித்தனர். திருத்திய செய்தியை ஊருக்குக் கொண்டு சேர்க்காதவர்கள் நாம். முதல் செய்தியைக் கேட்டதோடு நின்றுவிட்டோம். நம்பிக் கேட்ட ஊருக்கு நேர்ந்த துன்பத்துக்கு நாமும் பொறுப்பு என்ற எண்ணம் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை.

முன்னறிவிப்பு என்பது ஒருமுறை கேட்டு முடிப்பது அன்று என்பதே அன்று கற்ற பாடம். பருவ அறிக்கையைக் கொண்டு பயிரை முடிவு செய்யலாம். வியாழன்தோறும் வெளியாகும் நான்கு வார அறிக்கையைக் கொண்டு பாசன முறையை அமைக்கலாம். செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிவுரையைக் கொண்டு மருந்து தெளிப்பதையும் அறுவடையையும் தீர்மானிக்கலாம். நீண்ட கால அறிக்கையைக் குறுகிய கால அறிக்கை திருத்திக்கொண்டே வரும். எப்போதும் கடைசியாக வந்ததே கணக்கு.

அடுத்த நீர் எப்போது?

ஏரிக்குக் கோடைக்குப் பின் நீர் தருவது உள்ளூர் மழையன்று. குடகிலும் கேரளத்திலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, கர்நாடக அணைகளைக் கடந்து மேட்டூரை அடைந்து, அங்கிருந்து காவிரி, கொள்ளிடம் வழியாக அணைக்கரையிலுள்ள கீழணைக்கு வந்து, வடவாற்றில் திரும்பி வீராணத்தில் சேரவேண்டும். ஆகவே, நம் வானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. குடகு வானமும் நம் வானமே.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்பட வேண்டும் என்பது மரபு. நடந்தது என்ன? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் அந்நாளில் திறக்க இயலவில்லை. 2017-இல் அக்டோபர் 2-ஆம் நாள்தான் திறந்தனர். 2019-இல் ஆகஸ்ட் 13. மாறாக, 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்துவிட்டனர். 2024-இல் மறுபடியும் ஜூலை 28 ஆயிற்று. 2025-இல் உரிய நாளாகிய ஜூன் 12. இப்பட்டியலைக் கண்டவர், "ஜூன் பாதியில் தண்ணீர் வந்துவிடும்" என்று எழுதிவைத்துத் திட்டமிட மாட்டார். கோடையின் நீளத்தை நாம் ஆகஸ்ட் நடு வரை என்று கொள்வதே விவேகம். முன்னதாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டாலும் ஊர் தாகத்தால் தவிக்காது.

ஊராட்சியின் நீர்க்கணக்கு

இனிக் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக் குழாய் வழியே ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் வழங்கவேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. 3,000 மக்கள் உள்ள ஊராட்சிக்கு நாளொன்றுக்கு 1,65,000 லிட்டர் தேவை. பிப்ரவரி நடு முதல் ஆகஸ்ட் நடு வரை 180 நாளுக்கு ஏறத்தாழ 3 கோடி லிட்டர்.

நெல் சாகுபடிக்கு ஒரு பருவத்தில் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஓர் ஏக்கருக்கு இது ஏறத்தாழ 48 லட்சம் லிட்டர். அதாவது, ஓர் ஏக்கர் கோடை நெல்லுக்கு இறைக்கும் நீர், 3,000 பேருக்கு 29 நாள் போதுமானது. ஆறு ஏக்கர் நெல், ஓர் ஊரின் முழுக் கோடைக் குடிநீருக்குச் சமம். இறைத்த நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள்ளே திரும்பிச் செல்லும் என்பது உண்மையே. ஆனால் கடுங்கோடையில் ஒரே நிலத்தடி நீரைக் குடிநீர்க் கிணறும் வயற்கிணறும் போட்டியிட்டு உறிஞ்சும்போது, அது திரும்பும்வரை குடம் காத்திருக்காது.

உளுந்தும் பச்சைப்பயறும் நெல்லுக்கு வேண்டிய நீரில் நான்கிலொரு பங்கைக் கொண்டு விளைகின்றன. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே தாளடியில் விதையைத் தெளித்துவிட்டால், வயலில் எஞ்சிய ஈரமும் பனியுமே பெரும்பாலும் போதும். பூக்கும் தருணத்தில் ஒருமுறையும், பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளித்தால் மகசூல் கூடும். இது நம் முன்னோர் கண்ட முறைதான், புதிய உபதேசமன்று.

ஆயினும் ஒரு நியாயத்தையும் மறக்கலாகாது. கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு வெட்டிய உழவருக்கு அந்த நெல்லே கடனடைக்கும் வழி. "நிறுத்து" என்று அவரிடம் அதிகாரமாகச் சொல்வதால் காரியம் ஆகாது. ஊர் கூடிப் பேசி, எத்தனை ஏக்கர்வரை ஊர் தாங்கும் என்ற கணக்கை அவர் கண்முன் வைத்து இணக்கம் காணவேண்டும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகிலுள்ள வயல்களில் மட்டுமேனும் நெல்லைத் தவிர்த்து எள்ளோ பயறோ வைப்பது என்ற உடன்பாடு பல இடங்களில் சாத்தியமே.

செய்யத்தக்கன

முதலாவதாக, மாசி மாதத்திலேயே ஊராட்சி மன்றம் கூடி நீர்க்கணக்கு எழுதவேண்டும். ஏரி மட்டம், குளங்களின் நிலை, ஒவ்வொரு குடிநீர்க் கிணற்றிலும் நீர் நிற்கும் ஆழம், பழுதான மோட்டார்கள், கால்நடைத் தொகை ஆகியவற்றைப் பதிவு செய்தல் நலம். கறவை மாடு ஒன்று வெயில் நாளில் 60 லிட்டருக்கு மேலும் நீர் குடிக்கும். மாட்டின் பங்கை விட்டுவிட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

இரண்டாவதாக, மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் அக்கணக்கையும் பருவ முன்னறிவிப்பையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மே 1-ஆம் நாள் கூட்டத்தில் கிணற்று மட்டங்களை மீண்டும் அளந்து, புதிய அறிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகையில் வெள்ளிக்கிழமைதோறும் அவ்வார வானிலைச் செய்தியைச் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பது செலவில்லாத காரியம். பழைய செய்தியை அழித்துப் புதியதை எழுதுவதே அதில் முக்கியம்.

மூன்றாவதாக, கோடை மழை பெய்த மறுநாளே உழவு செய்தல் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழுத நிலம் அடுத்த மழையை உள்ளே வாங்கிக்கொள்ளும். மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலிலும் பறவைக்கும் இரையாகும்.

நான்காவதாக, நீர் வற்றிய குளம் குட்டைகளில் வண்டல் எடுக்க இதுவே தருணம். வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் எளிய முறை 2024-இல் ஏற்பட்டது. வண்டல் வயலுக்கு எரு. எடுத்த பள்ளம் ஊருக்கு நீர். ஆனால் கரையை ஒட்டித் தோண்டுதல் கரைக்கே கேடு.

ஐந்தாவதாக, உயிர்க் காப்பு. வயல் வேலையையும் ஊரக வேலைத் திட்டப் பணியையும் காலையில் முன்னதாகத் தொடங்கி நண்பகலுக்கு முன் முடித்துவிடலாம். நிழலும் குடிநீரும் பணியிடத்தில் இருத்தல் வேண்டும். மயக்கம், வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் கண்டால் நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதனால் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு நிவாரணம் பெறவும் வழி ஏற்பட்டது. கோடை இடியின்போது ஏரிக்கரையிலும் தனிமரத்தடியிலும் நிற்கலாகாது. கடைசி இடியோசை கேட்டு அரைமணி கழிந்த பின்னரே வயலுக்குத் திரும்பவேண்டும்.

முடிவாக

"நீங்கள் எச்சரித்தீர்கள், நாங்களும் நெல்லைக் குறைத்தோம், கடைசியில் மழை பெய்துவிட்டதே, எல்லாம் வீண்தானே?" என்று ஒரு பெரியவர் கூட்டத்தில் கேட்டார். கேள்வி நியாயமானதே. எச்சரிக்கையோடு இருந்து கோடை மிதமாகிவிட்டால், ஒரு சில ஏக்கர் நெல் வருவாய் குறையும். பயறு வருவாய் அதில் ஒரு பகுதியை ஈடு செய்யும். கிணற்றில் நீரும் மிஞ்சும். எச்சரிக்கையின்றி இருந்து கோடை கடுமையாகிவிட்டால், பயிரும் போகும், குடிநீரும் போகும். முன்னதில் சிலருக்குச் சிறு நட்டம். பின்னதில் ஊர் முழுமைக்கும் பெருந்துன்பம். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து முடிவு செய்யத்தான் முன்னறிவிப்பு நமக்கு உதவுகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வேரியை வெட்டியவர்களுக்கு வானிலை அறிக்கை கிடையாது. மழை தவறும் ஆண்டும் உண்டு என்ற உண்மையை மட்டும் அவர்கள் அறிந்திருந்தனர். அதற்காகவே கரை எழுப்பினர். நம்மிடம் அக்கரையும் இருக்கிறது, அறிக்கையும் இருக்கிறது. மாசிக் கூட்டத்தில் நீர்க்கணக்கை எழுதி, வாரந்தோறும் அதைத் திருத்தி, நெல்லுக்கு முன் குடத்துக்கு இடம் கொடுக்கும் ஊராட்சியில், எத்தகைய கோடையிலும் பெண்கள் நள்ளிரவில் குடத்தோடு காத்திருக்க வேண்டிய நிலை ஏற்படாது.